இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது

வளைந்த வால்வு ஒன்றை மேசைமேல் உருட்டிவிட்டால் அது நேராகப் போகாது. அரை வட்டம் அடித்து, தண்டு தட்டி நின்றுவிடும். எங்கள் காரிலிருந்து கழற்றிய எட்டு வால்வுகளையும் நான் அப்படி உருட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட நேராகப் போகவில்லை. அவற்றை வளைத்தவர் என் கொழுந்தன். அதை அவர் வாயாலேயே, மைக்கில், சொந்தபந்தம் முழுக்கக் கேட்கும்படி சொல்லவைத்தேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் எங்களுக்கு ஒரு சிறிய ஏலத்தோட்டம் இருக்கிறது. என் கணவர் பார்த்துவந்தார். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் சொன்னபடி கேட்காமல் போனபிறகு, மதுரையில் பார்த்த பத்திரிகை வேலையை விட்டுவிட்டு நான் போடிக்கு வந்து சேர்ந்தேன். தோட்டத்தை ஒட்டி ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப்பக்கம் கொழுந்தனுடைய தோட்டம். இரண்டும் ஒன்றாக இருந்து, மாமனார் காலத்துக்குப்பின் பாகம் பிரிந்தவை. மறுபடி ஒன்றாக்கித் தானே பார்க்க வேண்டும் என்பது கொழுந்தனின் ஆசை. அண்ணன் விழுந்ததும் அந்த ஆசை எழுந்து உட்கார்ந்தது.

அண்ணன் தம்பி இருவருக்கும் மூத்தவர் என் நாத்தனார். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. பேச்சு அவர் வீட்டில்தான் நடந்தது.

“பொம்பளையாளு தனியா மலைக்கும் கீழுக்கும் அலைய முடியுமாக்கா? எங்கிட்ட விட்டா நான் பாத்துக்கிடுறேன். மதினி வீட்டுல இருந்து அண்ணனக் கவனிக்கட்டும்” என்றார் கொழுந்தன். குரலில் கரிசனம் சொட்டியது.

நாத்தனார் என் பக்கம் திரும்பினார். “நீ என்னத்தா சொல்ற?”

“நானே பாக்குறேன்.”

“சரி. இந்தச் சீசன் முழுக்க நீ பாரு. ஒரு எடுப்பு தவறிச்சுன்னாலும் தோட்டத்தத் தம்பிகிட்ட விட்டுரணும். அப்பறம் ஒப்பாரி வைக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?”

இருவரும் தலையாட்டினோம்.

எடுப்பு என்றால் காய் பறிப்பு. ஏலச்செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையில் படர்ந்து கிடக்கும் சரத்தில் காய்கள் ஒன்றாக முற்றுவதில்லை. முற்றியதைப் பறித்துவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி வந்து அடுத்ததைப் பறிக்க வேண்டும். மேல்தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே விதை கறுத்திருக்கும் பதத்தைக் கரிக்காய் என்பார்கள். அந்தப் பதத்தில் எடுத்தால்தான் ஸ்டோர் என்கிற உலர்கூடத்தில் காயவைத்தபின் பச்சை நிறம் நிற்கும். தாமதித்தால் பழுத்து வெடித்துவிடும். மிச்சம் அணிலுக்கும் எலிக்கும்.

பறிக்கும் பெண்கள் மலையில் இல்லை. கீழே ராசிங்காபுரத்திலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறார்கள். விடியற்காலையில் தோட்டத்து ஜீப்புகள் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு மலையேறும். சீசனில் எந்த வண்டி முதலில் வந்து நிற்கிறதோ, ஆள் அந்த வண்டிக்கு. வண்டி இல்லாத தோட்டக்காரர் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு சாலையில் நிற்கலாம்.

எங்களிடம் இருந்த பழைய ஜீப்பைக் கணவர் படுத்ததும் கொழுந்தன் வாங்கிக்கொண்டார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு சிறிய டீசல் கார் வாங்கியிருந்தோம். அதை நான் ஓட்டக் கற்றேன். ராசிங்காபுரத்தில் நான்கு பெண்கள் என் வண்டிக்கு என்று நின்றார்கள். பறிப்பில் மட்டுமல்ல, வாயிலும் அவர்களுக்குத் தலைவியாக ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

“ஜீப்புல போறவளுகளுக்கு இடுப்பு கழண்டுரும். நாங்க காருல போறோம்ல. யக்கா, அந்தக் கண்ணாடிய எறக்கு, பஸ் ஸ்டாப்புல நிக்கிறவளுக பாக்கட்டும்” என்பாள்.

தோட்டம் என் கையில் இருப்பதும் போவதும் அந்தக் காரைப் பொறுத்ததாக இருந்தது. அது எனக்குத் தெரியும். கொழுந்தனுக்கும் தெரியும்.

ஆவணி மாதத்து எடுப்பு தொடங்கிய முதல் நாள் எனக்குக் கடைவாய் ஈறு வீங்கிக் கண் வரை வலித்தது. பல் டாக்டரிடம் போயே தீரவேண்டும். வலி முந்தின நாளே தொடங்கிவிட்டது; அன்று மாலையே விஷயம் தெரிந்து கொழுந்தன் வந்தார்.

“நீங்க பல்லப் பாருங்க மதினி. காரைக் குடுங்க, பொம்பளைகள நான் கொண்டுபோயி விட்டு, சாயந்திரம் கூட்டியாந்துர்றேன். எந்தோட்டத்துக்கும் ஒரு சோலியாப் போறவந்தானே.”

அவருடைய ஜீப்பும் அன்று அவர் தோட்டத்துக்கு வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அதனால் சந்தேகப்படக் காரணம் இல்லை. சாவியைக் கொடுத்தேன்.

மாலையில் கார், வழியில் வந்த யாரோ ஒருவருடைய ஜீப்பின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு வந்து சேர்ந்தது. இடது முன்பக்கம் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. நான்கு பெண்களும் அதில் இல்லை. பஸ்சில் போய்விட்டதாகக் கொழுந்தன் சொன்னார்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, “எப்படி ஆச்சு தம்பி? எந்த வளைவுல?” என்று மட்டும் கேட்டேன்.

“இஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு மதினி. டப்புன்னு நின்னுருச்சு. டைமிங் பெல்ட்டு போயிருச்சு. காலாகாலத்துல மாத்தியிருக்கணும்ல? அண்ணன் நல்லா இருந்திருந்தா கவனிச்சிருப்பாரு. ஒங்களச் சொல்லி என்ன பண்ண?”

தெரு எனக்காக உச்சுக்கொட்டியது. எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. இஞ்சின் ஓடியதா என்று நான் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவும் இல்லை. இருபது வருடம் பிறர் எழுதிய செய்தியைத் திருத்தியவளுக்கு இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

மறுநாள் காரை மெக்கானிக் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோனோம். தேனி சாலையில் இருக்கிறது அந்த ஷெட். மெக்கானிக் நல்ல வேலைக்காரர், அதைவிட நல்ல பேச்சுக்காரர். ஓட்டுப் போட்டதிலிருந்து உலகப் போர் வரை எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருப்பவர். போன வருடம்தான் அவர் கையாலேயே இந்த பெல்ட்டை மாற்றியிருந்தார். அதனால் கொழுந்தனின் பேச்சு அவருக்கும் சுட்டது.

“பெல்ட்டு பழசாம்மா? யாரு சொன்னா? நான் போட்ட பெல்ட்டு. இன்னும் ரெண்டு வருசம் கண்ண மூடிக்கிட்டு ஓடும்.”

இஞ்சினின் பக்கவாட்டில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். நானும் குனிந்து பார்த்தேன். உட்புறம் வரிசையாகப் பல் வைத்த கறுப்பு ரப்பர் பட்டை அது. கீழே இருக்கும் சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப மேலே இருக்கும் சக்கரத்தைச் சுற்ற வைப்பது அதன் வேலை. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு விலகி நிற்க வேண்டும். பட்டை பிசகினால் இரண்டும் மோதிக்கொள்ளும். பட்டை அறுந்திருக்கவில்லை. முழுசாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில், கையகல நீளத்துக்கு, பற்கள் மட்டும் சீவியெடுத்ததுபோல் காணாமல் போயிருந்தன. மற்ற இடத்தில் ரப்பர் புதிதாக இருந்தது. வெடிப்பு இல்லை.

“இது தேஞ்சு போனதில்ல. ஒரே ஒதறல்ல போயிருக்கு” என்றார் மெக்கானிக். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எறக்கத்துல ஆஃப் பண்ணிட்டு வந்து, கியர்ல போட்டு கிளட்சப் பட்டுன்னு விட்டா இப்படித்தான் ஆகும்.”

“இத எங்க நாத்தனார்கிட்ட வந்து சொல்றீங்களா?”

அவர் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர்.

“எனக்கு ரெண்டு வீடும் வேணும்மா. ஒங்க கொழுந்தனார் ஜீப்புக்கும் நாந்தான் பாக்குறேன். நான் இஞ்சின் ஹெட்டக் கழட்டுறேன், மதுரைக்கு லேத்துக்கு அனுப்புறேன். அத மட்டும் என்னையக் கேளுங்க.”

இந்த மலையின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். போடிமெட்டில் ஏற்றம் முடிகிறது. அங்கிருந்து அடிவாரத்து முந்தல் வரை கொண்டை ஊசி வளைவுகளாக ஒரே இறக்கம். ஜீப் ஓட்டிகள் மெட்டில் இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுவார்கள். கீழே சமதளம் வந்ததும் கியரில் போட்டு கிளட்சை விட்டால் இஞ்சின் உதறிக்கொண்டு எழுந்துவிடும். டீசலை மிச்சம் பிடிக்க யாரோ தொடங்கியது, பிறகு வீரமாகிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்து, யார் எத்தனை வளைவு பிரேக்கைத் தொடாமல் இறக்கினார் என்று பேசுவார்கள். என் கணவரும் தம்பியும் இதில் போட்டி போட்டவர்கள்தான். பழைய ஜீப் அதைத் தாங்கும். அதற்குள்ளே ரப்பர் பட்டை இல்லை, இரும்புப் பல்சக்கரங்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் மனிதப் பலத்தில் இயங்குபவை. கார் அப்படியில்லை. இஞ்சின் நின்றால் நாலைந்து மிதியில் பிரேக் பெடல் இறுகி அழுந்தாமல் போகும், ஸ்டியரிங் அம்மிக்கல் மாதிரி ஆகிவிடும்.

ராசிங்காபுரத்துக்குப் போனேன். தலைவி வீட்டு வாசலில் முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“வாக்கா. உசுரோட இருக்கமான்னு பாக்க வந்தியா?”

“என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாமச் சொல்லு.”

“என்னத்தச் சொல்ல. மெட்டுல செக்போஸ்ட்டு தாண்டுனதும் சாவியத் திருப்பி அமத்திட்டாரு சின்னவரு. ‘எப்புடி எறக்குறேன் பாருங்க, கேரளாக் காத்துலயே முந்தல் போயிருவோம்’னாரு. நல்லாத்தான் இருந்துச்சு, சத்தமில்லாம ஏரோப்ளேன் மாதிரி. அப்பறம் ஒரு வளைவுல பிரேக்க மிதிக்கிறாரு, மிதிக்கிறாரு, சைக்கிள் பம்பு மாதிரி மிதிக்கிறாரு, வண்டி நிக்க மாட்டேங்குது. எங்க வீட்டுக் கொலசாமிய நான் கூப்புட, அவரு அவுக கொலசாமியக் கூப்புட, ரெண்டு சாமிக்கும் கேக்கல. கியரப் போட்டு காலை எடுத்தாரு. வண்டிக்குள்ள டொக்குன்னு ஒரு சத்தம். இஞ்சின் எந்திரிக்கல. அப்பறம் மலப்பக்கமாத் திருப்பி மண்ணுல கொண்டுபோயி ஒரசி நிப்பாட்டுனாரு. அந்தப் பக்கம் திருப்பியிருந்தா இந்நேரம் நீ எனக்கு மாலை வாங்கிட்டு வந்திருப்ப.”

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“‘இஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னு சொல்லணும், இல்லாட்டி எந்தத் தோட்டத்து ஜீப்புலயும் ஏத்த விடமாட்டேன்’னு சொல்லித்தானே பஸ்சு ஏத்திவிட்டாரு” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “நாளைக்கு அவரு ஜீப்பு எங்களக் கூப்புட வருதுக்கா. அவரு தோட்டத்துக்கு. நாங்க என்ன செய்ய? ஒங்கிட்ட வண்டி இல்லையே” என்றாள்.

அவர் வேண்டுமென்றே வண்டியைக் கெடுத்தார் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. கெட்டுப்போனதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். அதற்கு ஆதாரம் இருக்கிறது. மறுநாள் விடியலில் எங்கள் பழைய ஜீப், என் நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறியது. நான் முதல் பஸ்சில் போனேன். மெட்டில் இறங்கி, வேறொரு ஜீப்பில் தொற்றி, மண்பாதையில் நடந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. தரையில் உட்கார்ந்து தனியாகப் பறித்தேன். ஓடைக்கு அந்தப்பக்கம் என் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. மாலை பஸ்சுக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒரு சிறு பை நிறையக் காய் இருந்தது. எடுக்காத செடிகள் கண்ணுக்கெட்டிய வரை இருந்தன.

சீசன் உச்சத்தில் வாடகைக்கு ஜீப் கிடைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம் கைவிரித்தார்கள். நாத்தனாரிடம் போய்ப் பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன்.

“தம்பி இஞ்சின் ஓடிச்சுங்கறான். நீ நின்னுச்சுங்கற. மலையில எஞ்சாமியா வந்து பாத்துச்சு? எனக்கு வண்டியப் பத்தித் தெரியாது. எடுப்பு தவறுனா பேசுனது பேசுனதுதான்” என்றார். கெட்ட மனுஷி இல்லை. இரு தரப்பும் வேறு வேறாகச் சொல்லும்போது எந்தப் பத்திரிகை ஆசிரியரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பழைய நிலையே நீடிக்கும் என்றார்.

கணவர் கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். கோர்வையாகப் பேச வராது. இடது கையால் என் மணிக்கட்டைத் தொட்டு, “வி... விடு” என்றார்.

நான் விடவில்லை. அந்த வாரம் முழுக்க ஒன்றையே யோசித்தேன். கொழுந்தனைக் குற்றம் சாட்டினால் மறுப்பார். சாட்சி சொல்ல வந்தால் பெண்களின் பிழைப்பு போகும். மெக்கானிக் ஸ்பேனரைத் துடைப்பார். பத்திரிகையில் நான் பார்த்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. தவறு செய்தீர்களா என்று கேட்டால் வாயைத் திறக்காத ஆள், அந்தத் தவறையே சாதனை என்று சொல்லிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவார். இந்த மலையில் இஞ்சினை அணைத்து வண்டி இறக்குவதைத் தவறு என்று நினைக்கும் ஆண் யாருமே இல்லை. கொழுந்தன் அதை மறைத்ததே எனக்கும் நாத்தனாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்றுதான். மற்றவர்களிடம் சொல்ல முடியாமல் அவர் எவ்வளவு தவித்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட விசேஷங்களுக்குச் சொந்தக்காரர்கள் தெருமுனையிலிருந்து மேளத்தோடு சீர்த்தட்டு ஏந்தி வருவார்கள். வாசலில் மைக்செட்காரர் நின்று, யார் வீட்டுச் சீர், தட்டில் என்னென்ன என்று ஒவ்வொன்றாக அறிவிப்பார். தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர். அண்ணன் வீட்டுச் சீர் முன்வரிசையில் வந்தாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. மதினியும் கொழுந்தனும் கேலி முறை. விசேஷத்தில் மதினி கொழுந்தனை எப்படிக் கிண்டல் செய்தாலும் அவர் முகம் சுளிக்கக் கூடாது. சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். சுளித்தால் ஊர் சிரிக்கும்.

விசேஷத்துக்கு முந்தின நாள் ஷெட்டுக்குப் போனேன். இந்த ஊர் மெக்கானிக்குகள் கழற்றிய பழைய சாமானை வண்டி உரிமையாளரிடம் கொடுத்துவிடுவார்கள், உண்மையிலேயே மாற்றினோம் என்பதற்கு அடையாளமாக. ஒரு சிமெண்டு சாக்கில் எட்டு வால்வும் பெல்ட்டும் தயாராக இருந்தன. வீட்டில் மண்ணெண்ணெய் போட்டு வால்வுகளைத் துடைத்தேன். வெள்ளி மாதிரி மின்னின. ஒன்றைக் கணவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னதும் அவருடைய வாயின் இடது பாதி சிரித்தது.

என் சீர்த்தட்டுகளைத் தூக்க ராசிங்காபுரத்துப் பெண்கள் நால்வரையும் அழைத்திருந்தேன். பட்டு வேட்டி, சேலை, பித்தளைக் குத்துவிளக்கு, பழம், லட்டு, கடைசியில் மஞ்சள் துணி மூடிய ஒரு தட்டு. அதைத் தலைவி தூக்கிக்கொண்டாள்.

“என்னக்கா கனக்குது? தங்கமா?”

“ஆமா. பாத்து நட.”

மைக்செட்காரர் வெளியூர் ஆள். அவருக்கு எதுவும் தெரியாது. “அடுத்ததாக, அன்பு அண்ணன் இல்லத்துச் சீர்! மேளம் கொஞ்சம் தூக்கி வாசிங்கப்பா!” என்று முழங்கி ஒவ்வொரு தட்டாகச் சொல்லிவந்தார். கடைசித் தட்டின் துணியை நான் விலக்கினேன். கறுப்பு பெல்ட்டை மாலைபோல வளைத்து, நடுவில் வால்வுகளைப் பூமொட்டுகள்போல அடுக்கியிருந்தேன். என்னம்மா இது என்று பார்த்தவரின் காதில், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மலைப்பாதைச் சிங்கம்! மெட்டிலிருந்து முந்தல் வரை இஞ்சினே போடாமல் காரை இறக்கும் கைகாரர்! நமது புது வீட்டுக்காரருக்கு, அவருடைய திறமையைப் பாராட்டி, மதினி வழங்கும் சிறப்பு மாலை!”

கூட்டம் விசிலடித்தது. கொழுந்தனின் கூட்டாளிகள் எல்லோரும் ஜீப் ஓட்டிகள். அவர்கள் பந்தலின் ஓரத்திலிருந்து கத்தினார்கள்.

“மாப்ளே, காரையா எறக்குன? சும்மா கத விடாத!”

“காருல எவன்டா எறக்குவான், ஸ்டியரிங் திரும்பாதே!”

நான் பெல்ட்டை எடுத்து அவர் கழுத்தில் போட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், முறைப்படி. ஒரு நொடி அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கூட்டாளிகள் விடவில்லை.

“பேசு மாப்ளே! பொய்யின்னா பொய்யின்னு சொல்லிரு, மதினிக்கு நாங்க பதில் சொல்லிக்கிடுறோம்!”

பொய் என்ற சொல்தான் அவரைக் கிளப்பியது. மைக்கை வாங்கினார்.

“ஏன்டா, பொய்யா? ஜீப்ப எந்தப் பயலும் எறக்குவான். காரை எறக்கணும்டா! அதுவும் நாலு பொம்பளைய வச்சுக்கிட்டு. செக்போஸ்ட்டுல அமத்துனேன். சொட்டு டீசல் குடிக்கல. பாதி மலை வந்துட்டேன். பிரேக்கு கல்லாப் போச்சு. வேற எவனா இருந்தாலும் பள்ளத்துல விட்டிருப்பான். நான் செகண்டுல போட்டு கிளட்ச விட்டேன் பாரு...”

“விட்டீக! பெல்ட்டும் விட்டுருச்சு!” என்றாள் தலைவி, லட்டுத் தட்டுகளுக்குப் பின்னாலிருந்து. பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பந்தலின் முன்பக்கம் பார்த்தார். அங்கே நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

ஸ்பீக்கர் தெருக்கோடி வரை கேட்டது. திரும்பப் பெற வழியில்லை.

நாத்தனாருக்கு விசேஷம் கெடக் கூடாது. பந்தி முடிந்து, வெற்றிலை போட்டபிறகு தம்பியைக் கூப்பிட்டார். பெல்ட் இன்னும் கொழுந்தன் கழுத்தில்தான் இருந்தது. கழற்றினால் கேலிக்குக் கோபித்துக்கொண்டதாகிவிடும்.

“இஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னியேடா எங்கிட்ட.”

அவர் தலைகுனிந்தார்.

“அவமேல பழியப் போட்டு, அவ ஆளையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்க. நாளைல இருந்து ஜீப்பு அவ தோட்டத்துக்குப் போகணும். நீயே ஓட்டு. அவ எடுப்பு முடிஞ்சப்பறந்தான் ஒந்தோட்டம்.”

“அக்கா, எனக்குக் காயி பழுத்துருக்குமேக்கா...”

“பழுக்கட்டும்.” பிறகு என்னிடம், “வண்டிச் செலவயும் வாங்கித் தரட்டுமாத்தா?” என்றார்.

வேண்டாம் என்றேன். பெருந்தன்மை என்று சுற்றியிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். செலவை வாங்கிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். முடிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடியலில் ஜீப் என் வாசலில் நின்றது. நான் முன்சீட்டில் ஏறினேன். ராசிங்காபுரத்தில் பெண்கள் ஏற வேண்டிய இடத்தில் தலைவி ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“சின்னவரே, எறங்கும்போது இஞ்சின் ஓடுமா? இல்ல இப்பவே மஞ்சப் பத்து அரைச்சு எடுத்துக்கிறவா?”

“ஓடும். ஏறு” என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டு.

அந்த எடுப்பில் என் தோட்டத்தில் கொஞ்சம் காய் பழுத்துப் போனது உண்மை. பெரும்பகுதி பதத்தில் கிடைத்தது. எடுப்பு தவறவில்லை. நாத்தனாரின் நிபந்தனைக்கு அது போதும். ஓடைக்கு அந்தப்பக்கம் ஒவ்வொரு நாளும் பழுத்த காயின் மஞ்சள் கூடியது. மதியம் சாப்பிட உட்காரும்போது அவருடைய சரங்கள் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அணில்கள் இறங்கி, வெடித்த காயை இரண்டு கையிலும் பிடித்து, விதையை நிதானமாகத் தின்றன. அவர் ஒருநாள் கல்லெடுத்து எறிந்தார். அணில் ஓடிவிட்டு, அவர் திரும்பியதும் வந்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது இறக்கம்தான். ஒவ்வொரு மாலையும் மெட்டைத் தாண்டியதும் அவர் கை தானாகவே சாவிப் பக்கம் போகும். நான் சாவியைப் பார்ப்பேன். கை திரும்ப ஸ்டியரிங்குக்கு வரும். பழைய இஞ்சின் உறுமிக்கொண்டு, இரண்டாவது கியரில், வளைவு வளைவாக நத்தைபோல இறங்குவோம். பின்னால் வரும் கூட்டாளிகள் சத்தமில்லாமல் உருண்டுவந்து எங்களைத் தாண்டிப் போவார்கள்.

“என்ன மாப்ளே, வீட்டுல டீசல் கெணறு வெட்டிட்டியா?”

“மதினி, சிங்கத்துக்குச் சங்கிலி போட்டுட்டீகளா?”

அவருடைய காதுமடல் சிவப்பதை முன்சீட்டிலிருந்து நன்றாகப் பார்க்கலாம். பின்னால் பெண்கள் சிரிப்பை அடக்க முயலவே மாட்டார்கள்.

வீட்டில் இவற்றைக் கணவரிடம் தினமும் விவரமாகச் சொன்னேன். முதல் சில நாள் சிரித்தார். அப்புறம் ஒரு நாள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, “போ...தும்” என்றார். அவருக்குத் தம்பி.

எனக்கு அவர் கொழுந்தன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

எடுப்பு முடிய இரண்டு நாள் இருந்தபோது, இறக்கத்தில் என் போன் அடித்தது. மெக்கானிக். அவருக்குத் தாழ்வான குரலில் பேச வராது. இஞ்சின் சத்தத்தையும் மீறி ஜீப்பில் எல்லோருக்கும் கேட்டது.

“அம்மா, ஹெட்டு மதுரைலருந்து வந்து மாட்டியாச்சு. புது பெல்ட்டு, புது வால்வு. வண்டி பூ மாதிரி ஓடுது. நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போங்க. வெரசா வாங்க, ஷெட்டுல எடம் இல்ல.”

கொழுந்தன் முதன்முறையாக அந்த வாரத்தில் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் விடுதலை இருந்தது. அவர் தோட்டத்தில் பாதியாவது மிஞ்சும் என்ற கணக்கு இருந்தது.

“எடம் இல்லேன்னா ரோட்டோரமா நிப்பாட்டுங்க” என்றேன். “புது பெல்ட்டு. நல்லா ஓட்டிப் பாத்து வைங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இந்த எடுப்பு முடியட்டும்.”

போனைப் பைக்குள் வைத்தேன். அடுத்த வளைவு வந்தது.

“தம்பி, மெதுவா” என்றேன். “செகண்டுலயே போங்க.”